கார்டியோவுக்கு ஹிட் பயிற்சியை எப்படி அமைப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹிட் (HIIT, அதாவது அதிதீவிர இடைவெளிப் பயிற்சி) என்றால் சரியாக என்ன? வியர்த்துக் கொட்டும்படி செய்வதெல்லாம் ஹிட்தானா?

இல்லை. சில விநாடிகளோ சில நிமிடங்களோ நன்றாக மூச்சு வாங்கும் வேகத்தில் உழைப்பு, பிறகு அளந்து வைத்த நேரத்துக்கு இளைப்பாறல், மறுபடியும் அதே வேகம், இப்படி முன்கூட்டியே முடிவு செய்த எண்ணிக்கையில் திரும்பத் திரும்பச் செய்வதுதான் ஹிட். வியர்வை இதற்கு அளவுகோலே கிடையாது, புழுக்கமான அறையில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் வியர்க்கும்.

தொடர்ந்து 16 நிமிடம் ஓட முடியாத ஒரு வேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நான்கு நான்கு நிமிடமாக வெட்டி நடுவில் 3 நிமிடம் மெதுவாகப் போனால், அதே வேகத்தில் மொத்தம் 16 நிமிடம் ஓடிவிடலாம். இதயமும் தசைகளும் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் அதிக நேரம் இருக்கின்றன, அதற்கேற்ப மாறவும் செய்கின்றன. இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது, தசை செல்களுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது.

இது ஏதோ புது ஃபேஷன் என்று நினைக்க வேண்டாம். 1930களிலேயே ஜெர்மனியில் வோல்டெமர் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளர் இதயத் துடிப்பை அளந்து இடைவெளிகளை வகுத்தார், அவரிடம் பயின்ற ருடால்ஃப் ஹார்பிக் 1939இல் 800 மீட்டரை 1 நிமிடம் 46.6 விநாடியில் ஓடி உலக சாதனை படைத்தார். 1952 ஹெல்சின்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் தங்கம் வென்ற எமில் ஸாடோபெக்கும் 400 மீட்டர் துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஓடியே தயாரானவர்.

ஒரு பயிற்சியை அமைக்க எதையெல்லாம் முடிவு செய்ய வேண்டும்?

நான்கே விஷயம்: ஒரு ரவுண்டு எவ்வளவு நேரம், எவ்வளவு வேகம், நடுவில் எவ்வளவு ஓய்வு, மொத்தம் எத்தனை ரவுண்டு. இந்த நான்கும் ஒன்றோடொன்று கட்டுண்டவை. வேகத்தைக் கூட்டினால் ரவுண்டின் நேரத்தைக் குறைக்க வேண்டும், இல்லையென்றால் ஓய்வை நீட்ட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கூட்ட நினைப்பவர்களின் பயிற்சிதான் மூன்றாவது ரவுண்டிலேயே குலைந்துபோகிறது.

இதில் நான் விடாப்பிடியாகச் சொல்வது ஒன்று உண்டு. கடைசி ரவுண்டையும் முதல் ரவுண்டின் வேகத்திலேயே முடிக்க வேண்டும். முதல் ரவுண்டில் பறந்துவிட்டு ஆறாவது ரவுண்டில் தள்ளாடுவதைப் பலர் கடும் உழைப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள், சில பயிற்றுநர்கள் அதைப் பாராட்டவும் செய்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தள்ளாடும் ரவுண்டுகளில் வேகம் சாதாரண ஜாகிங் அளவுக்கு இறங்கிவிடுகிறது, ஆனால் உடம்பு மட்டும் முழுக் களைப்பையும் சுமக்கிறது. முதல் ரவுண்டு முடியும்போது 'இன்னும் கொஞ்சம் வேகமாகப் போயிருக்கலாமே' என்று தோன்ற வேண்டும், கடைசி ரவுண்டு முடியும்போது 'இன்னொன்று சொன்னால் கஷ்டப்பட்டுச் செய்வேன், இரண்டு முடியாது' என்று தோன்ற வேண்டும். அந்த அளவுதான் சரியான அளவு. 30 விநாடி முழு வேக ஸ்பிரின்ட் மட்டும் இதற்கு விதிவிலக்கு, அதில் வேகம் குறைவதைத் தவிர்க்கவே முடியாது.

எந்த வேகத்தில் போக வேண்டும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஹார்ட் ரேட் பார்ப்பது ஒரு வழி. அதற்கு உங்கள் உச்சத் துடிப்பு தெரிய வேண்டும். 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கு எல்லோருக்கும் தெரியும், 2001இல் வந்த, டனாகா என்ற ஆய்வாளரின் கணக்கு, வயதை 0.7ஆல் பெருக்கி 208இலிருந்து கழிக்கச் சொல்கிறது. 40 வயதுக்காரருக்கு இரண்டும் 180 என்றே வரும், வயது ஏற ஏறத்தான் வித்தியாசம் தெரியும். 60 வயதில் முதல் கணக்குக்கு 160, இரண்டாவதுக்கு 166. ஆனால் இரண்டுமே சராசரி. ஒரே வயதுள்ள இருவரின் உச்சத் துடிப்பு இருபதுக்கு மேல் வேறுபடுவதெல்லாம் சாதாரணம், அதனால் கைக்கடிகாரம் காட்டும் 'ஸோன் 5', அதாவது துடிப்பின் உச்ச வரம்பு, உங்களுடைய ஸோன் 5ஆக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொரு சிக்கல், துடிப்பு உடனே ஏறாது. வேகம் பிடித்த பிறகு அந்த வேகத்துக்குரிய துடிப்பு வர ஒன்று, ஒன்றரை நிமிடம் ஆகும். 20 விநாடி, 30 விநாடி ரவுண்டுகளில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வேகத்தைக் கூட்டினால் நிச்சயம் அதிகமாகிவிடும். நான்கு நிமிட ரவுண்டிலும் முதல் நிமிடத்தின் எண்ணைக் கண்டுகொள்ளாதீர்கள்.

அதனால் நான் முதலில் சொல்வது மூச்சையும் பேச்சையும்தான். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கு மேல் வரவில்லை என்றால் நீண்ட ரவுண்டுக்குச் சரியான வேகம். ஒரு வார்த்தைகூட வரவில்லை என்றால் அது ஸ்பிரின்ட், ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. ஸ்வீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் உழைப்பை எண்ணால் மதிப்பிடும் அளவுகோலை உருவாக்கினார், அதன் 0 முதல் 10 வரையிலான வடிவத்தில் நீண்ட ரவுண்டுகளுக்கு 7 அல்லது 8, ஒரு நிமிட ரவுண்டுகளுக்கு 8 அல்லது 9 என்று வைத்துக்கொள்ளலாம். ரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு வழக்கம்போல ஏறாது, அவர்கள் எண்ணைத் துரத்தினால் ஆபத்து, இந்த மூச்சுக் கணக்குதான் அவர்களுக்கு.

எத்தனையோ அமைப்புகள் இருக்கின்றன, எனக்கு எது பொருந்தும்?

ஸ்டாமினா கூட வேண்டும், இதயம் வலுப்பெற வேண்டும் என்பதுதான் நோக்கம் என்றால் நான் நான்குக்கு-நான்கைத்தான் முதலில் வைப்பேன். நார்வேயின் ட்ரோன்ஹெய்மில் ஹெல்கெருட், ஹோஃப், விஸ்லோஃப் முதலானோர் ஆராய்ந்து பரப்பிய முறை அது. 10 நிமிடம் வார்ம்-அப், உச்சத் துடிப்பில் 90 முதல் 95 சதவீதத்தில் 4 நிமிடம், 70 சதவீத அளவில் 3 நிமிடம் மெதுவாக, இப்படி நான்கு முறை. அவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில் ஒரே அளவு மொத்த உழைப்பை நான்கு விதமாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள், வாரம் மூன்று நாள், எட்டு வாரம். உடல் பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்ஸிஜன் அளவு, அதாவது வி.ஓ.2 மேக்ஸ், நான்குக்கு-நான்கு செய்தவர்களுக்கு 7.2 சதவீதமும், 15 விநாடி வேகம் 15 விநாடி மெதுவாக என்று செய்தவர்களுக்கு 5.5 சதவீதமும் உயர்ந்தது. மெதுவாக நீண்ட நேரம் ஓடிய குழுவுக்கு அதில் சொல்லும்படியான மாற்றம் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம். 90 சதவீதம் என்பது நான்காவது நிமிடத்தின் முடிவில் மட்டும் தொட்டுவிட்டு வரும் எண் கிடையாது, ஒன்றரை இரண்டு நிமிடத்திலேயே அங்கே போய்ச் சேர்ந்து மிச்ச நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அதே சமயம் அது முழு வேகமும் இல்லை. முதல் தடவை செய்பவர்கள் அநேகமாக எல்லோரும் வேகத்தை அதிகமாகவே வைப்பார்கள், இரண்டாவது ரவுண்டில் அது தெரிந்துவிடும்.

நான்கு நிமிடம் தாக்குப்பிடிக்க முடியவில்லை, அல்லது மனசு ஒத்துழைக்கவில்லை என்றால் ஒரு நிமிடம் வேகம், ஒரு நிமிடம் மெதுவாக, பத்து முறை. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் கிபாலாவின் குழு அதிகம் பயன்படுத்திய அமைப்பு இது. வேகம் உச்சத் துடிப்பில் சுமார் 90 சதவீதம்வரை போகும், ஆனால் ஒவ்வொரு நிமிடமும் ஒரு முடிவு கண்ணுக்குத் தெரிவதால் தாங்கிக்கொள்ள முடியும். எடை அதிகமுள்ளவர்களுக்கும் நீண்ட நாள் உட்கார்ந்தே இருந்தவர்களுக்கும் இதுதான் நல்ல நுழைவாயில்.

ஓட்டக்காரர்களுக்கு 30 விநாடி வேகம், 30 விநாடி பாதி வேகம் என்ற முறை ரொம்பவே பொருந்தும், பிரான்ஸின் வெரோனிக் பியா ஆராய்ந்து பிரபலமாக்கியது. ஓய்வு அரை நிமிடம்தான் என்பதால் ஆக்ஸிஜன் பயன்பாடு கீழே இறங்குவதற்குள் அடுத்த ரவுண்டு வந்துவிடும், கால்களுக்கோ அந்த அரை நிமிடம் பெரிய நிம்மதி.

முழு வேக ஸ்பிரின்ட் வகை தனி. மூன்று முறை 20 விநாடி முழு பலத்தோடு சைக்கிள் மிதிப்பது, நடுவில் 2 நிமிடம் மெதுவாக, வார்ம்-அப் எல்லாம் சேர்த்து 10 நிமிடம். இதை வாரம் மூன்று முறை 12 வாரம் செய்த, முன்பு உடற்பயிற்சியே செய்யாத ஆண்களுக்கும், 45 நிமிடம் மிதமாக மிதித்தவர்களுக்கும் வி.ஓ.2 மேக்ஸ் ஒரே அளவில், சுமார் 19 சதவீதம், உயர்ந்ததாக 2016இல் கிபாலாவின் குழு வெளியிட்டது. நேரமே இல்லாதவர்களுக்கு அருமையான வழி, ஆனால் 'முழு பலம்' என்றால் நிஜமாகவே முழு பலம். அதற்கு உடம்பு முதலில் பழகியிருக்க வேண்டும்.

டபாட்டா 4 நிமிடம் செய்தால் போதும், ஒரு மணி நேர கார்டியோவுக்குச் சமம் என்கிறார்களே?

இப்படிச் சொல்பவர்கள் பாதியை விட்டுவிடுகிறார்கள். இஸூமி டபாட்டாவின் 1996 ஆய்வு, ஜப்பான் ஸ்பீட் ஸ்கேட்டிங் அணியின் பயிற்சியாளர் இரிஸாவா கையாண்ட முறையை அடிப்படையாகக் கொண்டது. 20 விநாடி வேகம், 10 விநாடி ஓய்வு, ஏழெட்டு ரவுண்டு. அந்த வேகம் என்னவென்றால், வி.ஓ.2 மேக்ஸுக்குரிய சக்தியைப் போல சுமார் 170 சதவீதம், அதுவும் ஆய்வகத்தில் சக்தி அளவிடும் சைக்கிளில், மிதிக்கும் வேகம் குறைந்தால் நிறுத்திவிடுவார்கள். எட்டாவது ரவுண்டுக்குப் பிறகு இன்னொன்று முடியாது என்ற நிலை வர வேண்டும். வாரம் ஐந்து நாள், ஆறு வாரம், அதில் ஒரு நாள் 30 நிமிட மிதமான பயிற்சியும் சேர்த்தி. கலந்துகொண்டவர்களும் ஏற்கெனவே நல்ல உடல்தகுதி உள்ள இளைஞர்கள்.

அவர்களுக்கு வி.ஓ.2 மேக்ஸும் உயர்ந்தது, ஆக்ஸிஜன் இல்லாமல் உழைக்கும் திறனும் 28 சதவீதம் உயர்ந்தது, அது பெரிய விஷயம்தான். ஆனால் அந்த 20க்கு-10 கடிகாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு ஸ்குவாட், ஜம்பிங் ஜாக், பிளாங்க் என்று மாற்றி மாற்றிச் செய்தால் கிடைப்பது வேறு பயிற்சி. செய்யலாம், நல்லதுதான், அந்த ஆய்வின் பலனை மட்டும் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வார்ம்-அப் கட்டாயமா? நேரம் மிச்சம் பிடிக்கத்தானே ஹிட் செய்கிறோம்?

கட்டாயம். 8 முதல் 10 நிமிடம். மெதுவாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி, கடைசி இரண்டு நிமிடத்தில் 15, 20 விநாடி அளவில் இரண்டு மூன்று முறை உண்மையான வேகத்தைத் தொட்டுப் பாருங்கள். இதைச் செய்யாமல் போனால் முதல் ரவுண்டே வார்ம்-அப் ஆகிவிடும், வேகக் கணக்கும் தப்பிவிடும், பின்தொடை தசை பிடித்துக்கொள்ளும் வாய்ப்பும் கூடும்.

முடித்ததும் சட்டென்று நிற்காதீர்கள், உட்காராதீர்கள். வேகமாக உழைத்த கால்களில் ரத்த நாளங்கள் விரிந்திருக்கும், கால் தசை அசையும்வரை ரத்தம் மேலே தள்ளப்படும், அசைவு நின்றால் கீழேயே தேங்கி, தலைசுற்றல் வரும். ஐந்து நிமிடம் நடங்கள்.

நடுவில் உள்ள ஓய்வில் நிற்பதா, நடப்பதா?

ரவுண்டின் நீளத்தைப் பொறுத்தது. நான்கு நிமிட ரவுண்டுக்கு நடுவில் லேசாக ஜாகிங் அல்லது வேக நடை நல்லது, துடிப்பு ஒரேயடியாக இறங்காமல் இருந்தால் அடுத்த ரவுண்டில் சீக்கிரம் மேலே போகலாம். முழு வேக ஸ்பிரின்டுக்கு நடுவில் மிக மெதுவாக, கிட்டத்தட்ட நிற்பது போலவே இருந்தாலும் சரி. அந்த முழு பலத்துக்கு எரிபொருள் தசையில் இருக்கும் பாஸ்போகிரியாட்டின். அரை நிமிடத்தில் அது பாதி அளவுதான் நிரம்பும், முழுசாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் வேண்டும். அதனால்தான் ஸ்பிரின்டுக்கு நீண்ட ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் பயிற்சி கடினமாகத் தோன்றும், ஆனால் அது ஸ்பிரின்டாக இருக்காது.

வாரத்துக்கு எத்தனை நாள்?

இரண்டு. நன்றாகப் பழகியவர்கள் மூன்று. தினமும் செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அவர்கள் செய்வது ஹிட்டாக இருக்காது, அல்லது சீக்கிரம் அடிபடப் போகிறார்கள்.

மிச்ச நாட்களில் என்ன செய்வது என்பதுதான் பலர் தவறவிடும் இடம். மெதுவான, பேசிக்கொண்டே செய்யக்கூடிய கார்டியோ வேண்டும். வேக நடை, சைக்கிள், நீச்சல் எதுவானாலும் சரி. உலகின் முன்னணி ஓட்டக்காரர்கள், படகோட்டிகள், ஸ்கீயிங் வீரர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் சைலர், அவர்களின் பயிற்சிகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் மெதுவான வகை என்பதைக் காட்டினார். வாரம் முழுக்க எல்லா நாளும் 'ஓரளவு கஷ்டம்' என்ற நடு வேகத்திலேயே ஓடினால் வேக நாளில் வேகம் வராது, மெதுவான நாளில் உடம்பு தேறாது. உலக சுகாதார அமைப்பு 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிட கடுமையான உழைப்பு, அல்லது இரண்டும் கலந்து. இரண்டு நாள் ஹிட்டும் மூன்று நாள் நடையும் இதற்குள் வசதியாக அடங்கும்.

இரண்டு ஹிட் நாட்களுக்கு நடுவில் குறைந்தது 48 மணி நேரம் விடுங்கள். கால்களுக்கு எடைப் பயிற்சி செய்யும் நாளுக்கு மறுநாள் ஹிட் வைக்காதீர்கள்.

நான் இதுவரை எதுவுமே செய்ததில்லை. எங்கே தொடங்குவது?

நேரடியாக ஹிட்டில் இறங்க வேண்டாம். நான்கு முதல் ஆறு வாரம் வாரத்தில் நான்கைந்து நாள் 30 நிமிடம் வேகமாக நடங்கள். மூட்டும் தசைநாரும் இதயத்தைவிட மெதுவாகத்தான் பழகும், மூச்சு 'முடியும்' என்று சொல்லும் நாளில் முழங்கால் தயாராக இருக்காது. அதன்பின் ஒரு நாளை எடுத்து, ஒரு நிமிடம் வேகமாக ஏற்றத்தில் நடப்பது, இரண்டு நிமிடம் மெதுவாக, ஆறு முறை. அது சுலபமானதும் எட்டு முறை, அப்புறம் ஓய்வை ஒன்றரை நிமிடமாகக் குறையுங்கள், அப்புறம் ஒரு நிமிடமாக. அதற்குப் பிறகுதான் இரண்டாவது நாளைச் சேர்ப்பது. புதியவர்கள் முதல் நாளே கடும் ஸ்பின் வகுப்பில் (நிலையான சைக்கிளில் குழுவாக வேகமாக மிதிப்பது) கலந்துகொண்டு தசை செல்கள் சிதைந்து, சிறுநீர் கறுத்து மருத்துவமனையில் சேர்ந்த சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ராப்டோமயோலிசிஸ் என்பது அந்த நிலையின் பெயர், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, அதனால் இந்த ஆரம்ப வாரங்களைத் தயவுசெய்து தாண்டிக் குதிக்காதீர்கள்.

ஓட்டமா, சைக்கிளா, மெஷினா?

எதில் உங்கள் மூச்சு முதலில் தீருகிறதோ, தசை முதலில் தீராமல் இருக்கிறதோ அது. சைக்கிளில் மூட்டுக்கு அடி இல்லை, வேகத்தைச் சட்டென்று ஏற்றி இறக்கலாம். ஓட்டமென்றால் மேட்டில் ஏறி ஓடுவது நல்லது, குறைந்த வேகத்திலேயே துடிப்பு ஏறும், காலில் விழும் அடியும் குறையும். ரோயிங் மெஷின் பிரமாதம், ஆனால் முறையைக் கற்ற பிறகு. ட்ரெட்மில்லில் பெல்ட் வேகம் பிடிக்கவே பல விநாடி ஆகும் என்பதால் 20, 30 விநாடி ரவுண்டுகளுக்கு அது சரிப்படாது, ஒரு நிமிடத்துக்கு மேற்பட்டதை மட்டும் அதில் வையுங்கள். பர்பி (குந்தி, கைகளை ஊன்றிக் கால்களைப் பின்னால் நீட்டி, எழுந்து குதிப்பது) வகைப் பயிற்சிகளில் களைப்பு ஏற ஏற உடல் நிலை கோணலாகி முதுகில் பாரம் விழுகிறது, இதய நலத்துக்காக ஹிட் செய்பவருக்கு அதைவிட நல்ல வழிகள் இருக்கின்றன.

ஹிட் செய்தால் அதற்குப் பிறகும் பல மணி நேரம் கொழுப்பு எரியுமாமே?

பயிற்சிக்குப் பிறகு உடல் கூடுதல் ஆக்ஸிஜன் எடுப்பது உண்மை. ஆனால் அதனால் செலவாகும் கலோரி சொற்பம்தான். எடையைக் குறைப்பதில் ஹிட்டும் மிதமான கார்டியோவும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் நிற்கின்றன, அதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் சாப்பாடு. ஹிட்டின் உண்மையான லாபம் குறைந்த நேரத்தில் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் கிடைக்கும் திறன்.

எப்படி முன்னேறுவது?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். முதலில் ரவுண்டுகளின் எண்ணிக்கை, பிறகு ரவுண்டின் நீளம், அதன்பின் ஓய்வு, வேகம் கடைசியில். ஒவ்வொரு முறையும் தூரத்தையோ வேகத்தையோ குறித்து வையுங்கள், இரண்டு முறை தொடர்ந்து கடைசி ரவுண்டு முதல் ரவுண்டுக்குச் சமமாக இருந்தால் மட்டுமே அடுத்த படி. மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் ரவுண்டுகளைப் பாதியாகக் குறையுங்கள். காலையில் எழுந்ததும் பார்க்கும் துடிப்பு பல நாள் தொடர்ந்து வழக்கத்தைவிடக் கூடவே இருக்கிறது, தூக்கம் கெடுகிறது, எரிச்சல் வருகிறது என்றால் அந்த வாரம் ஹிட் வேண்டாம், நடங்கள்.

வயதானவர்கள் செய்யலாமா? யார் மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

செய்யலாம். ட்ரோன்ஹெய்மில் 70 முதல் 77 வயதுள்ள 1,567 பேரை ஐந்து ஆண்டு பின்தொடர்ந்த ஆய்வில் ஒரு குழு வாரம் இரு முறை நான்குக்கு-நான்கு செய்தது. 2020இல் வந்த அதன் முடிவில், வழக்கமான உடற்பயிற்சிப் பரிந்துரையைப் பின்பற்றியவர்களோடு ஒப்பிடும்போது இறப்பு விகிதத்தில் திட்டவட்டமான வித்தியாசம் இல்லை. அதனால் ஹிட் செய்யாவிட்டால் ஆயுள் குறையும் என்றெல்லாம் பயப்படத் தேவையில்லை, பிடித்தால் செய்யலாம்.

இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், கர்ப்பம், குடும்பத்தில் சிறு வயதில் மாரடைப்பு, இவற்றில் எது இருந்தாலும் முதலில் மருத்துவர். இன்சுலின் எடுப்பவர்களுக்குக் கடும் வேகத்தால் சர்க்கரை உடனே ஏறி, பல மணி நேரம் கழித்து இறங்கலாம், அதனால் முன்னும் பின்னும் அளந்து பார்க்க வேண்டும். பயிற்சியின்போது நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், தாறுமாறான துடிப்பு வந்தால் அந்த ரவுண்டை முடிக்கலாம் என்று நினைக்காமல் உடனே நிறுத்திவிட்டு அவசர உதவியை அழையுங்கள். காய்ச்சல் இருக்கும்போது ஹிட் கூடவே கூடாது.

இரண்டு வாரம் விட்டுப்போய்விட்டது. விட்ட இடத்திலிருந்து தொடங்கலாமா?

வேகத்தை அப்படியே வைத்துக்கொண்டு ரவுண்டுகளைப் பாதியாக்குங்கள். ஒரு மாதத்துக்கு மேல் விட்டிருந்தால் முதல் வாரம் வெறும் நடையோ மெதுவான ஓட்டமோ போதும், அடுத்த வாரம் ஒரு நிமிட ரவுண்டு ஆறு. காய்ச்சலாலோ தொற்றாலோ விட்டவர்கள் சாதாரணமாக மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்காத நிலை வரும்வரை காத்திருந்து தொடங்குங்கள்.